புற்றரையில் ஒரு மணவறை

கனடாவில் வாழும் நம்மவர்க்கு ஆனி ஓர் அவசர மாதம். அங்கே சித்திரையிலும் பனி கொட்டக்கூடும். வைகாசி பிறந்த பின்னரே மரங்கள் நிறைய இலை காண்கின்றன. பிள்ளைகளின் பாடசாலைகள் ஜூன் மாதக் கடைசியில் மூடப்படுகின்றன. ஜூலை 17 அளவில் ஆடி பிறந்துவிடும். ஆடியில் தாலி கட்ட எவர் துணிவார்? ஆகவே வெயிலும் விடுமுறையும் நல்ல மாதமும் ஒருங்கே வாய்க்கும் சனிக்கிழமைகள் ஆண்டொன்றில் இரண்டோ மூன்றோதான். அந்த இரண்டு மூன்று நாட்களுக்காக ரொறன்ரோ நகரிலும் சுற்றுப்புறங்களிலுமுள்ள மண்டபங்களை ஓராண்டு, ஒன்றரையாண்டு முன்னதாகவே பேசி முற்பணம் கட்டி வைத்துவிடுகிறார்கள். மாப்பிள்ளையை நிச்சயம் பண்ணுவதற்கு முன்னரே மண்டபத்தை நிச்சயம் பண்ணிய ஒரு தகப்பனாரையும் நாம் அறிவோம்; அந்தக் கதை இங்கே வேண்டாம்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், சித்திரை மாதத்தில் ஒருநாள், விடியற்காலை நாலரை மணிக்குத் தொலைபேசி எம்மை எழுப்பியது. ரொறன்ரோவில் அப்பொழுது முந்திய நாள் மாலை ஏழு மணி. பேசியவர் எமது பெரியம்மா.

"தம்பி, உன்ரை மருமகளுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு. கோயில் இருக்கு, மண்டபம் இருக்கு. அதுகளை விட்டிட்டுப் பந்தடிக்கிற வெளியிலை கலியாணம் வைக்கப் போகினமாம். நான் வரமாட்டன் எண்டு சொல்லிப்போட்டன்."

மருமகள் என்றது எமது பெரியம்மாவின் மகளாகிய அக்காவின் ஒரே பெண்ணை. பந்தடிக்கிற வெளி என்றது ஒரு கொல்ஃப் மைதானத்தை.

கொல்ஃப் ஆட்டத்தின் பிறந்தகம் ஸ்கொத்லாந்து. வில்வித்தைப் பயிற்சிக்கு இடைஞ்சலாக இருக்கிறதென்று 1457 ஆம் ஆண்டிலேயே அந்நாட்டுப் பாராளுமன்றம் இவ்வாட்டத்தைத் தடை செய்தது. தடையை எவரும் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. 1744 இல் எடின்பரோ நகர ஆட்டக்காரர் பதின்மூன்று விதிகளை எழுதி வைத்தனர். 1764 இல் சென்ற் அன்றூஸ் திடலில் குழிகளின் தொகை பதினெட்டு என்றாயிற்று. பின்னர் ஆங்கிலேயர் சென்ற இடமெல்லாம் இவ்வாட்டமும் சென்றது. மொன்றியலில் 1873 இலும், கொழும்பில் 1879 இலும், நுவரெலியாவில் 1889 இலும் கழகங்கள் தோன்றின. கொழும்புக் கழகத்தார் முதலில் காலிமுகத்திடலில் ஆடி, 1896 இல் பொரளைப் பக்கத்திலுள்ள இன்றைய திடலுக்குப் பெயர்ந்தனர். களனிவெளி ரயில்பாதை அத்திடலின் ஊடே செல்கிறது. நாமும் ஒருமுறை அவ்வழியே ரயிலில் சென்றபோது, வெள்ளைத் தொப்பிக்காரர் ஒருவர் வண்டி போகட்டுமென்று கோலை ஊன்றியபடி காத்து நின்றதைக் கண்டிருக்கிறோம். கொல்ஃப் ஆட்டத்தோடு எமக்கு இருந்த முழுத் தொடர்பும் அவ்வளவே.

அப்படிப்பட்ட இடத்தில் மணவறை ஏன் என்ற கேள்விக்கு ஒருபாதி விடை வரவு செலவில் இருக்கிறது. பதினெட்டுக் குழிகள் கொண்ட மைதானம் ஒன்றுக்கு நூற்றைம்பது ஏக்கர் அளவான நிலம் வேண்டும். ஒன்ராறியோ மாகாணத்தில் ஆட்டமோ ஆண்டில் ஆறேழு மாதந்தான். எஞ்சிய மாதங்களில் புல்லின்மேல் பனி மூடிக் கிடக்கும். ஆனால் மைதானத்தோடு சேர்ந்த கழக இல்லத்தில் நூற்றுக்கணக்கானோர்க்குச் சமைக்கும் அடுக்களை உண்டு, மண்டபம் உண்டு, வாகனங்கள் நிறுத்தத் தாராளமாக இடம் உண்டு, வாசலில் பூச்செடிகளும் குளமும் உண்டு. கலியாணக்காரர் கொடுக்கும் பணத்தை எந்தக் கழகம் வேண்டாமென்னும்? வெள்ளையர் அங்கே கோடைக்காலத்தில் திறந்த வெளியில் மணம் முடிப்பதைப் பல காலமாகவே விரும்பி வருகின்றனர். நம்மவர் பிள்ளைகளும் அதைக் கண்டு பழகிவிட்டார்கள். ஆனால் எமது மருமகள் விடயத்தில் இது பாதி விடையுமன்று. மீதியைப் பின்னர் சொல்லுவோம்.

கழகத்தார் பெண் வீட்டாருக்கு ஒரு நிபந்தனைத் தாள் அனுப்பியிருந்தனர். அக்கா அதனை எமக்கு வாசித்துக் காட்டினார். கட்டடத்துக்குள் நெருப்பு மூட்டலாகாது. புற்றரையிலும் நெருப்பு ஆகாது. கல் பாவிய முற்றத்தில் மாத்திரம், தீயணைக்கும் கருவியோடு ஒருவர் அருகில் நிற்கச் செய்யலாம். அரிசி தூவலாகாது. கம்பளத்தில் மஞ்சள் நீர் படலாகாது. பந்து உருளும் பச்சைத் தரையில் எவரும் கால் வைக்கலாகாது. முற்றம் பகல் 12.30 வரைக்குந்தான். இத்தனை 'ஆகாது'களுக்கு நடுவே ஒரு சைவக் கலியாணத்தை எங்கே வைப்பது? அறுகரிசிக்குப் பதிலாகப் பூவிதழ் என்று தீர்மானமாயிற்று. வாழைமரங்களைத் தொட்டியில் நட்டு நிறுத்துவதென்றும் ஒப்புக்கொண்டார்கள்.

பெரியம்மாவின் அடுத்த கேள்வி எம்முடைய பாடத்துக்குள் வந்து விழுந்தது. ரொறன்ரோ ஐயர் முகூர்த்தம் காலை 10.40 முதல் 11.40 வரை என்று குறித்திருந்தார். சனிக்கிழமையில் இராகுகாலம் 9 முதல் 10.30 வரை என்பது எல்லாரும் அறிந்தது.

"சூரியன் இரவு ஒன்பது மணிக்குப் படுகிற ஊரிலை, ராகு மட்டும் எங்கடை நேரத்துக்கு வருவானோ? நீ கணக்குப் படிப்பிக்கிறனீதானே, பார்த்துச் சொல்லு" என்றார்.

நாம் கணக்குப் பார்த்தோம். பகற்பொழுதை எட்டாகப் பகுத்துச் சனிக்கிழமைக்கு மூன்றாம் பங்கை இராகுவுக்கு ஒதுக்குவது முறை. ஆறுக்கு உதித்து ஆறுக்கு மறையும் நாட்டில் ஒரு பங்கு ஒன்றரை மணி. ரொறன்ரோவில் ஜூன் கடைசியில் சூரியன் காலை 5.38 அளவில் உதித்து இரவு 9.03 அளவில் மறைகிறது. கோடைக்காலத்தில் கடிகாரத்தை ஒரு மணி முன்தள்ளி வைப்பதாலும், நகரம் தன் நேரத்துக்குரிய தீர்க்கரேகைக்கு மேற்கே நாலு பாகை தள்ளி இருப்பதாலும், அங்கே உச்சிப்பொழுது பிற்பகல் 1.20 அளவிலேதான் வருகிறது. பகல் 15 மணி 25 நிமிடம். எட்டிலொன்று ஏறத்தாழ 1 மணி 56 நிமிடம். ஆகச் சனிக்கிழமை இராகுகாலம் அங்கே 9.29 இல் தொடங்கி 11.25 வரை நீள்கிறது. ஐயர் குறித்த முகூர்த்தத்தில் முக்காற்பங்கு அதற்குள் அகப்பட்டுக் கிடந்தது!

ஐயர் பெருந்தன்மையானவர். எமது கணக்கைக் கேட்டதும் மறுபேச்சின்றி முகூர்த்தத்தை 11.40 முதல் 12.40 வரை என்று மாற்றித் தந்தார். ஆனால் முற்றம் 12.30 க்கு மேல் இல்லையே? மருமகள் தானே கழகத்தாரோடு பேசி ஒரு மணி வரை நீட்டிக்கொண்டாள். மணமக்கள் எத்தனையோ பேர் கேட்டும் அரைமணி நேரம் இரங்காத கழகம், இவளுக்கு மாத்திரம் இரங்கியது ஏனென்று எமக்கு அப்போது விளங்கவில்லை.

கல்லூரியில் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, அக்கா அனுப்பிய பயணச் சீட்டில் நாமும் போய்ச் சேர்ந்தோம். மணப்பெண்ணின் தாய்மாமன் முறையான் அல்லவா? பெரியம்மா வாசலுக்கு வந்து எம்மைக் கட்டிக்கொண்டார். கலியாணத்தைப் பற்றிக் கேட்டபோது மாத்திரம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பெரியம்மாவைப் பற்றி இவ்விடத்தில் சிறிது சொல்லியாக வேண்டும். உரும்பிராயில் செம்மண் தோட்டக் குடும்பம். துலா மிதித்து நீர் இறைத்த காலத்தில் வெங்காயமும் மிளகாயும் நட்டுப் பிள்ளைகளைப் படிப்பித்தவர். 1995 ஐப்பசியில் வலிகாமம் முழுவதும் ஓரிரவில் வெளிக்கிட்டபோது, பறித்துக் கட்டியிருந்த வெங்காயப் பிடிகளை அப்படியே விட்டுவிட்டு நடந்தவர். மகளோடு கனடா சென்று சேர்ந்தபோது அவர் சொன்ன ஒரு வார்த்தையை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம்: "மண் கிண்டினது என்னோடை முடிஞ்சுது. இனி என்ரை வயித்திலை வந்த ஒருத்தரும் மண் கிண்டக் கூடாது."

கலியாணத்துக்கு இரண்டு நாள் முன்பு, வியாழக்கிழமை விடியற்காலை நாலு மணிக்கு மருமகள் எம்மைத் தட்டி எழுப்பினாள். "மாமா, அம்மம்மாவையும் கூட்டிக்கொண்டு ஓர் இடத்துக்குப் போய் வருவோம். அம்மம்மா உங்களோடையெண்டால் வருவா." எங்கே என்று பெரியம்மா கேட்கவில்லை, கோயிலுக்கென்று நினைத்திருக்க வேண்டும். தலைக்கு வார்த்து, திருநீறு பூசிக்கொண்டுதான் காரில் ஏறினார்.

ஐந்து மணிக்கு மைதானத்தை அடைந்தோம். சூரியன் இன்னும் வரவில்லை. புல்லின்மேல் பனித்துளி வெண்ணிறமாகப் படிந்திருந்தது. தூரத்தே விளக்குப் பூட்டிய நாலைந்து இயந்திரங்கள் மெல்ல ஊர்ந்து கொண்டிருந்தன. அவை சென்ற வழியெல்லாம் பனி கலைந்து கரும்பச்சை வரிகள் தோன்றின. ஆட்டக்காரர் வருமுன்னர் பச்சைத் தரைகளை வெட்டி முடித்துவிட வேண்டுமாம். ஓர் அங்குலத்தில் எட்டிலொரு பங்கு உயரத்துக்கு, நாள்தோறும், வெட்டுகிறார்கள். பாய் விரித்தாற்போல என்று நாம் எழுதிப் பழகியிருக்கிறோமே, அந்தத் தரையைப் பார்த்த பின் அவ்வுவமையை வேறெதற்கும் பயன்படுத்த எமக்கு மனம் வருவதில்லை.

ஒரு பச்சைத் தரையின் நடுவே வயதான வெள்ளைக்காரர் ஒருவர் குனிந்து நின்று உருளைபோன்ற ஓர் ஆயுதத்தை மண்ணில் இறக்கித் திருகினார். புல்லும் வேரும் மண்ணுமாக ஒரு வட்டக் கட்டி மேலே வந்தது. பந்து விழும் குழி நாலேகால் அங்குல அகலம். அதைச் சுற்றி மிதிபட்டுப் புல் நலிந்துவிடும் என்பதற்காகக் குழியின் இடத்தை அடிக்கடி மாற்றுகிறார்கள். புதிய குழியிலிருந்து எடுத்த கட்டியைப் பழைய குழியில் வைத்து அழுத்தி நீர் விட்டால், அடுத்த சில நாட்களில் வடுவே தெரியாது. பெரியம்மா அதுவரை காரை விட்டு இறங்காதிருந்தவர், கதவைத் திறந்துகொண்டு அவ்விடத்துக்கு நடந்தார். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார்.

"வேரோடை கிளப்பி நடுகினம்" என்று தமக்குள் சொல்லிக்கொண்டார். பின்னர் மருமகளைப் பார்த்து, "தண்ணி எங்கையிருந்து?" என்றார்.

"அந்தக் குளத்திலிருந்து, அம்மம்மா. நிலத்துக்குக் கீழே குழாய் போட்டிருக்கு. இரவிலைதான் இறைக்கிறது."

"மருந்து?"

"2009 ஆம் ஆண்டிலை வீட்டுப் புல்லுக்கு மருந்தடிக்கக் கூடாதெண்டு இந்த மாகாணத்திலை சட்டம் வந்தது. மைதானங்களுக்குக் கட்டுப்பாட்டோடை விட்டிருக்கினம். எவ்வளவு அடிச்சதெண்டு எழுதிக் காட்ட வேணும்."

"உனக்கு இதெல்லாம் ஆர் சொன்னது?"

அந்த வெள்ளைக்காரர் நிமிர்ந்து மருமகளைக் கண்டதும் வாய் நிறையச் சிரித்து அவளைப் பெயர் சொல்லி அழைத்தார். 'நாளை மறுநாள் உனக்காக இந்தப் பக்கத்தை நானே வெட்டுகிறேன். நீ வெட்டுவதைப் போல நேராக வராது' என்ற கருத்துப்பட ஏதோ சொன்னார். பெரியம்மாவுக்கு ஆங்கிலம் அவ்வளவு வராது. ஆயினும் இந்த அளவு விளங்கிவிட்டது.

மருமகள் பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில் அத்தானின் தொழிற்சாலை மூடப்பட்டது. அந்த ஆண்டிலிருந்து மூன்று கோடைக்காலங்கள் அவள் இங்கே புல் வெட்டியிருக்கிறாள். காலை நாலு மணிக்கு எழுந்து, ஐந்து மணிக்கு இயந்திரத்தில் ஏறி, பிற்பகல் வரை வேலை. பள்ளிக் கட்டணத்தின் பெரும்பகுதி இந்தப் புல்லிலிருந்து வந்தது. பெரியம்மாவுக்கு மாத்திரம் நூலகத்தில் வேலை என்று சொல்லி வைத்திருந்தார்கள். அவருடைய அந்த ஒரு வார்த்தைக்கு அஞ்சியே வீடு முழுவதும் மூன்று கோடைகள் பொய் சொல்லியிருக்கிறது!

பெரியம்மா நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பேர்த்தியின் வலக்கையைப் பிடித்துத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தார். கணினி முன் அமர்ந்து வேலை செய்யும் கையில் இப்போது என்ன காய்ப்பு இருக்கப் போகிறது?

"நாலு மணிக்கோ எழும்பினனீ?" என்றார் கடைசியில்.

"ஓம், அம்மம்மா."

"நாங்கள் மூண்டு மணிக்கு எழும்புவம். துலா மிதிக்கிறவன் வெயிலுக்கு முதல் இறங்க வேணும்." சிறிது நேரங் கழித்து, "இவ்வளவு புல்லு. ஒரு மாடு இல்லையே!" என்று பெருமூச்சு விட்டார். திரும்பி வரும் வழியில், கலியாணத்துக்குத் தாம் உடுக்க வேண்டிய சேலை எது என்று எம்மைக் கேட்டார்.

சனிக்கிழமை காலை வானம் நன்றாகவே இருந்தது. கல் முற்றத்தில் மணவறை; இருபுறமும் தொட்டி வாழைகள்; நாதஸ்வரமும் தவிலும். அப்பால் கோல்களோடு நடந்துகொண்டிருந்த ஆட்டக்காரர் சிலர் நின்று தொப்பியைக் கழற்றிவிட்டுப் போயினர். விருந்தினர் முன்னூறு பேர் அளவில் இருந்தார்கள். வெயில் எரித்தது. யாழ்ப்பாணத்து வெயிலைவிட அது குறைந்ததா என்று எவராவது கேட்டால், பட்டு வேட்டியோடு இரண்டு மணிநேரம் இருந்து பார்க்கும்படி சொல்லுவோம்.

கன்னிகாதானம் முடிந்தது. மருமகள் கூறை மாற்றுவதற்காகக் கழக இல்லத்தினுள்ளே சென்றாள். மணி 12.05. அப்பொழுதுதான் மேற்கே கறுத்துக்கொண்டு வருவதைக் கண்டோம். அடுத்த கணம் மைதானம் முழுவதும் அதிரும்படி நீண்ட ஓர் ஊதல் எழுந்தது. தவில்காரர் கை ஓங்கியபடியே நின்றுவிட்டார். மின்னல் அணுகுகிறது என்பதற்கு அடையாளமாம். அந்த ஊதல் கேட்டால் வெளியில் நிற்பவர் யாவரும் கோலைக் கீழே போட்டுவிட்டுக் கூரைக்குள் வந்துவிட வேண்டும். திறந்த வெளியில் இரும்புக் கோலோடு நிற்பவனை இடி தேடி வருமல்லவா?

விருந்தினர் உள்ளே விரைந்தனர். மாப்பிள்ளையும் ஐயரும் எழவில்லை. ஓமகுண்டத்தில் அக்கினி எரிந்துகொண்டிருந்தது. உள்ளே கொண்டுபோக விதியில்லை. வெளியே விட்டால் மழை அணைத்துவிடும். அணைந்த அக்கினியை மீண்டும் வளர்ப்பதற்கு முகூர்த்தத்தில் நேரமில்லை. கழக மேலாளராகிய இளம்பெண் கைகளைப் பிசைந்துகொண்டு நின்றாள். அவள் மேலும் குற்றமில்லை. விதியை எழுதியவர் எவரோ, காப்பவள் அவள். அத்தான் அவளோடு வாதாடினார். பெரியம்மா கதிரையை விட்டு எழுந்து, குண்டத்தின் அருகே வந்து நின்றுகொண்டார். "நெருப்பு அணைஞ்சால் நான் வீட்டை போறன்" என்றார். அவர் கண்கள் கலங்கியிருந்தன.

அந்த வேளையில் வியாழக்கிழமை கண்ட அந்தப் பெரியவர் ஒரு கைவண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தார். பந்து சிக்கிக்கொள்வதற்கென்று மைதானங்களில் மணற்குழிகள் வெட்டி வைத்திருப்பார்கள். அந்த மணலை வண்டி நிறைய அள்ளி வந்திருந்தார். கழக இல்லத்துக்கு முன்னே மூன்று பக்கமும் திறந்த, கல் பாவிய ஒரு தாழ்வாரம் இருந்தது. 'கூரை உண்டு, சுவர் இல்லை. இது கட்டடத்துக்கு உள்ளா வெளியா என்று பிறகு பேசிக்கொள்வோம்' என்ற கருத்துப்பட மேலாளரிடம் அவர் சொன்னாரென்று மருமகளின் தம்பி எமக்குக் கூறினான். செப்புக் குண்டத்தை ஈரச் சாக்குப் பிடித்து இருவர் தூக்கி மணலில் இருத்தினார்கள். அக்கினி பகவான் புல் வெட்டும் கைவண்டியில் ஏறி, ஐயர் மந்திரம் சொல்லியபடி பின்னால் நடக்க, தாழ்வாரத்துக்கு எழுந்தருளினார். தவில்காரர் அதற்கும் வாசித்தார். தீயணைக்கும் கருவியோடு நின்ற பையன், என்ன செய்வதென்று தெரியாமல் ஊர்வலத்தோடு தானும் நடந்து வந்தான்.

கூறைச்சேலையோடு மருமகள் வெளியே வந்தபோது மழை தாரை தாரையாகக் கொட்டிக்கொண்டிருந்தது. 12.28 க்குத் தாலி ஏறியது. கெட்டிமேளமும் இடியும் சேர்ந்து கேட்டன. மூன்றாம் முடிச்சு விழும்வரை மேலாளர் எமக்குப் பக்கத்தில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள், புகையினாலோ என்னவோ.

அம்மி மிதித்தபின் ஐயர் வடக்கே கையை நீட்டி அருந்ததியைக் காட்டினார். மழை மேகந்தான் தெரிந்தது. பெரியம்மா சிரித்தார். "என்ரை கலியாணத்திலை பந்தல் கிடுகைக் காட்டினவை. நானும் கண்டனான் எண்டு தலையாட்டினனான்."

பிறகு சட்டப்படியான ஒப்பம். அந்த மாகாணத்தில் மண அனுமதிப் பத்திரம் தொண்ணூறு நாட்களுக்குச் செல்லும். சாட்சிகள் இருவர் வேண்டும். ஒருவராக நாம் கையொப்பமிட்டோம். மற்றவர் அந்தப் பெரியவராக இருக்க வேண்டுமென்று மருமகள் விரும்பினாள். மண் படிந்த கையை வேட்டித் துண்டொன்றில் துடைத்துக்கொண்டு அவர் ஒப்பமிட்டார்.

மாலை விருந்து, பேச்சுக்கள், நடனம், மூன்று தட்டுக் கேக் - இவை எல்லாக் கலியாணங்களிலும் உள்ளவை. இரவு பத்தரைக்கு மேல் விருந்தினர் கலைந்தனர். மழை கழுவிய வானம் தெளிந்திருந்தது. பெரியம்மா தாழ்வாரத்தில் கதிரை போட்டு அமர்ந்திருந்தார். நாம் அவரிடம் ஒரு விடயத்தைச் சொன்னோம். அருந்ததி என்பது சப்தரிஷி மண்டலத்தில் வசிட்டரை ஒட்டி நிற்கும் மங்கலான நட்சத்திரம். யாழ்ப்பாணத்திலிருந்து பார்ப்பவர்க்கு அது வடவானில் பாதியளவு உயர்ந்து மறைந்துவிடும். ஆனி மாத முற்பகலிலோ அடிவானத்துக்குக் கீழே கிடக்கும். அந்நேரம் ஐயர் காட்டுவது வெறுந் திசையைத்தான். ஆனால் ரொறன்ரோ வடக்கே 43 பாகைக்கு அப்பால் இருப்பதனால் அங்கே அருந்ததி மறைவதேயில்லை. இரவும் பகலும், கோடையும் மாரியும், துருவத்தைச் சுற்றியபடி அடிவானத்துக்கு மேலேயே நிற்கிறாள்.

"மறையிறதேயில்லையோ?" என்றார் பெரியம்மா.

"இல்லை, பெரியம்மா."

"எங்கை, காட்டு பார்ப்பம்."

விளக்குகளைத் தாண்டி இருட்டுக்குள் போக வேண்டியிருந்தது. மணமக்கள் இருவரும் அவரைக் கைப்பிடித்து நடத்தினார்கள். மருமகள் கூறையின் கரையைத் தூக்கிச் செருகியிருந்தாள். நகரத்துக்கு நடுவே இவ்வளவு இருட்டு வேறெங்கே கிடைக்கும்? நூற்றைம்பது ஏக்கருக்கு ஒரு விளக்கில்லை. மேற்கே வளர்பிறை சாய்ந்துகொண்டிருந்தது. வடமேற்கில், நல்ல உயரத்தில், ஏழு முனிவரும் நின்றனர். நாம் வால்பக்கத்தில் நடு நட்சத்திரத்தைச் சுட்டிக் காட்டினோம்.

பெரியம்மா நெற்றியில் கைவைத்து வெகுநேரம் பார்த்தார். இரண்டு கண்ணிலும் சத்திரசிகிச்சை செய்தவர். "பெரிசு தெரியுது, தம்பி. பக்கத்திலை இருக்கிற சின்னன்தான் தெரியேல்லை." பின்னர் பேர்த்தியிடம், "உனக்குத் தெரியுதோ?" என்றார்.

"தெரியுது, அம்மம்மா. ஒட்டிக்கொண்டு நிக்குது."

"தம்பிக்கு?" மாப்பிள்ளையைக் கேட்டார்.

"தெரியுது, அம்மம்மா."

"அப்ப சரி."

காலின் கீழே புல் ஈரமாக இருந்தது. பெரியம்மா அப்போதும் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். கட்டைவிரலால் புல்லை ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டு, "மழை பெய்திருக்கு; விடியிறதுக்குள்ளை வளர்ந்திடும். நாளைக்குக் காலமை ஆர் வெட்டுறது?" என்று கேட்டார்.

"நானில்லை" என்றாள் மருமகள்.